ஆறு மணிக் குருவி

கடலூர்ச் சரித்திரத்தில் வேடிக்கையான நில அளவை ஒன்று உண்டு. 1690-ஆம் வருஷம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விலைக்கு வாங்கினார்கள். விற்றவர் அப்போது செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம். கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் சேர்த்தி என்று பேச்சு. எவ்வளவு நிலம் என்று கேட்பீர்கள். கோட்டை மதிலிலிருந்து பீரங்கியை வெடித்தால் குண்டு எங்கே போய் விழுகிறதோ, அது வரையில்! சென்னைக் கம்பெனிக்காரர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பி வைத்தார்கள். நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட கிராமங்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. கோட்டைக்கு ஸெயின்ட் டேவிட் கோட்டை என்று புதுப் பெயர் சூட்டிய எலிஹூ யேல் துரையின் பெயரை அமெரிக்காவில் ஒரு பெரிய சர்வகலாசாலை இன்றும் தாங்கி நிற்கிறது. கோட்டைதான் நிற்கவில்லை. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துத் தள்ளினான்.

சப்தத்தினால் நிலம் பிடிக்கும் இந்த வித்தையை வெள்ளைக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் வருவதற்கு முன்பும், அவர்கள் போன பிறகும், ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வேறொருவர் நமது சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்கிறார். அவரிடம் பீரங்கி இல்லை. ஆள் படை இல்லை. உடம்பு முழுவதும் சேர்த்து ஒரு சாண் நீளம் தேறாது. எடை போட்டால் ஐம்பது, அறுபது கிராம். தோப்பிலோ, கோயில் காட்டிலோ, பழைய பங்களாத் தோட்டத்திலோ நாலு மரமும் கீழே கொஞ்சம் சருகும் உள்ள இடமாகப் பார்த்து இறங்குகிறார். பொழுது சாய்கிற நேரத்தில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, இரண்டே ஸ்வரத்தில் ஒரு சீழ்க்கை அடிக்கிறார். அந்தச் சீழ்க்கை கேட்கும் தூரம் வரை அவருடைய ஜாகீர். இன்னொருவர் உள்ளே வரக் கூடாது. பங்குனி, சித்திரையில் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போகும் வரையில் இந்தப் பட்டா செல்லுபடியாகும்.

அவர்தான் ஆறு மணிக் குருவி.

வாசகர்களில் பலர் இந்தக் குருவியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டிருப்பார்கள். பார்த்தவர்களும் அதிர்ஷ்டத்தினாலே பார்த்திருப்பார்கள். இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியக் காடுகளிலிருந்தும் இரவோடு இரவாகப் பறந்து வரும் களைப்பில், சில சமயம் வீட்டுத் தாழ்வாரத்திலோ குளியலறையிலோ வந்து விழுந்து கிடக்கும். "கிளிக் குஞ்சா? மீன்கொத்தியா?" என்று வீட்டார் கூடி நின்று தர்க்கம் செய்வார்கள். தர்க்கத்துக்குக் காரணம் உண்டு. முதுகு பச்சை; சிறகில் நீலம்; கழுத்து வெள்ளை; வயிறு சந்தன நிறம்; வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு; கண்ணை ஒட்டி மை தீட்டினாற் போல் ஒரு கறுப்புப் பட்டை. வாலைத்தான் பிரம்மா மறந்துபோனார் என்று சொல்ல வேண்டும், அவ்வளவு குட்டை. வடக்கே ஹிந்திக்காரர்கள் இதற்கு 'நவரங்' என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது நிறம் உடையது என்று அர்த்தம். அவர்கள் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தவர்கள். இலங்கையில் சிங்களவர்கள் 'அவிச்சியா' என்கிறார்கள். மயில் தன்னுடைய ஆடையைத் திருடிக்கொண்டு போய்விட்டதாக இந்தக் குருவி அந்தி சந்தியில் முறையிடுகிறது என்பது அங்கே வழங்கும் கதை. தமிழனோ காலையும் மாலையும் அது கூப்பிடும் நேரத்தைக் கவனித்தான், மணியைப் பார்த்தான், 'ஆறு மணிக் குருவி' என்று சொல்லிவிட்டான்.

இந்தப் பெயரில் கொஞ்சம் சரித்திரம் ஒளிந்திருக்கிறது. நம் முன்னோர்கள் பகலையும் இரவையும் நாழிகையாகவும் ஜாமமாகவும் கணக்கிட்டவர்கள். அறுபது நாழிகை கொண்ட நாளில் 'ஆறு மணி' என்று ஒரு நேரம் கிடையாது. ஆகவே இந்தப் பெயர் கடிகாரம் வந்த பிறகு வந்ததாகத்தான் இருக்க வேண்டும். கோட்டையிலும் மாதா கோயிலிலும் கச்சேரியிலும் மணி அடிக்கத் தொடங்கிய பிறகு, அந்த மணியோடு இந்தக் குரலைச் சேர்த்துக் கேட்ட யாரோ ஒரு தோட்டக்காரனோ காவற்காரனோ வைத்த பெயர் இது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். இதே பறவை லண்டன் நகரத்தில் குளிர்காலத்தைக் கழித்துக் கோடையிலும் அங்கேயே தங்கியிருக்குமானால் இந்தப் பெயர் அதற்குப் பொருந்தியே இருக்காது. அங்கே மார்கழியில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆனியில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நமது சிதம்பரத்திலும் கடலூரிலும் வருஷம் முழுவதும் பொழுது விடிவதும் சாய்வதும் ஆறு மணிக்குச் சற்று முன் பின்னாகத்தான். அதிலும் குருவி இங்கே தங்கும் ஐப்பசி முதல் பங்குனி வரை பொழுது சாய்வதில் அந்த வித்தியாசம் இன்னும் குறைவு. எனவே பறவை, ஊர், கடிகாரம் மூன்றும் ஒன்று சேர்ந்து பெற்றெடுத்த பெயர் இது.

காதால் கேட்டுப் பெயர் வைப்பது மனித ஜாதி முழுவதற்கும் உள்ள வழக்கம். தமிழில் காக்கை, குயில், குக்குறுவான் எல்லாம் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் பறவைகள். செம்பு அடிக்கிற கன்னான் பட்டறை மாதிரி மத்தியான வெயிலில் 'டொக், டொக்' என்று தட்டிக்கொண்டே இருக்கும் குக்குறுவானை இங்கிலீஷ்காரர்களும் செம்புக் கன்னான் என்றே அழைத்தார்கள். ஆனால் எல்லாக் காதும் ஒரே மாதிரி கேட்பதில்லை. நாம் 'அக்காக்குயில்' என்று சொல்லும் பறவை கோடை வெயிலில் மேலும் மேலும் ஸ்தாயி ஏற்றிக் கூவுகிறது. அது 'என் காதலன் எங்கே?' என்று கேட்பதாக ஹிந்திக்காரர்களின் காதில் விழுந்தது. மராட்டியர்களுக்கு 'மழை வருகிறது' என்று கேட்டது. நம்முடைய கோடையில் தூக்கமில்லாமல் புரண்ட வெள்ளைக்காரனுக்கோ 'மூளைக் காய்ச்சல், மூளைக் காய்ச்சல்' என்று கேட்டது! பறவை ஒன்றுதான். அவரவர் மனத்தில் இருந்தது அவரவர் காதில் விழுந்தது.

ஆறு மணிக் குருவி கடல் கடந்து கீர்த்தி பெற்ற கதை கடலூருக்கு வடக்கே, சென்னைக் கோட்டையில் ஆரம்பமாகிறது. கம்பெனியார் கடலூரில் பீரங்கி வெடித்து நிலம் பிடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஸெயின்ட் ஜார்ஜ் கோட்டையில் எட்வர்ட் பக்லி என்று ஒரு வைத்தியர் இருந்தார். வியாதியஸ்தர்களைக் கவனித்த நேரம் போக மீதி நேரத்தில் செடி, கொடி, சிப்பி, பறவை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்கடைக்காரர் இப்படிப்பட்ட சரக்குகளை உலகம் முழுவதிலுமிருந்து வரவழைத்துச் சேர்த்து வந்தார். பக்லி அனுப்பிய சென்னைப் பறவைச் சித்திரங்களைப் பற்றிப் பெட்டிவர் குறிப்பு எழுதினார். ஜான் ரே என்ற பெரிய விஞ்ஞானி 1705-இல் காலமாகி எட்டு வருஷம் கழித்து, 1713-இல் வெளிவந்த அவருடைய பறவை நூலில் அந்தக் குறிப்புகளும் சேர்ந்தன. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சேறிய மிகப் பழைய பட்டியல்களில் அது ஒன்று.

அதில் நமது குருவியும் இருக்கிறது. 'பொன்னுங்கி பிட்டா' என்று பெயர் போட்டிருக்கிறார்கள். 'பிட்ட' என்றால் தெலுங்கில் சிறு பறவை. அவ்வளவுதான். கோட்டைக்கு வெளியே வலை போட்டுப் பிடித்தவரோ, கூண்டில் கொண்டுவந்து விற்றவரோ, தெலுங்கு பேசும் ஒருவரிடம் வைத்தியர் "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டிருக்க வேண்டும். அவர் சொன்னதை வைத்தியர் தம் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். 1766-இல் சுவீடன் தேசத்து லின்னேயஸ் உலகத்து உயிர்களுக்கெல்லாம் லத்தீனில் நாமகரணம் செய்துகொண்டிருந்தபோது, இந்தக் குருவியைக் 'குட்டை வால் காக்கை' என்று காக்கைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்! நவரங்கக் குருவிக்கு இதைவிட அவமானம் வேண்டியதில்லை. ஐம்பது வருஷம் கழித்து, 1816-இல் வியெய்யோ என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தார். காக்கைகளிடமிருந்து பிரித்துத் தனிக் குலமாக்கி, அந்தக் குலத்துக்குப் 'பிட்டா' என்றே பெயர் கொடுத்தார். இன்று ஆப்பிரிக்கக் காடுகளிலும் மலாய் நாட்டிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தக் குடும்பத்துப் பறவைகள் நாற்பதுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. உலகத்தின் எந்த மூலையில் எந்தப் பாஷை பேசுகிற விஞ்ஞானியானாலும் அவற்றைப் பிட்டா என்றுதான் சொல்லியாக வேண்டும். சென்னைக் கோட்டை வாசலில் யாரோ ஒரு தெலுங்கர் சொன்ன ஒரு சொல் அது. பக்லியின் பெயர் புஸ்தகத்தில் இருக்கிறது. பெட்டிவரின் பெயர் இருக்கிறது. லின்னேயஸும் வியெய்யோவும் அமரர்கள். சொல்லைக் கொடுத்தவரின் பெயரை மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

சென்னைக்குப் பக்லி என்றால், நமது தென்னார்க்காட்டுக் கரைக்கு ஸொன்னேரா. பியேர் ஸொன்னேரா லியோன் நகரத்துப் பிரெஞ்சுக்காரர். 1774 முதல் 1781 வரை கீழ்த்திசை நாடுகளில் சுற்றி, புதுச்சேரியைச் சுற்றிலும் கண்ட பறவைகள், ஜனங்கள், கோயில்கள் எல்லாவற்றையும் வரைந்தும் எழுதியும் 1782-இல் ஒரு பெரிய யாத்திரைப் புஸ்தகம் வெளியிட்டார். அதையும் அது போன்ற மற்ற நூல்களையும் கையில் வைத்துக்கொண்டு, இந்தியாவையே பார்த்திராத பண்டிதர்கள் ஐரோப்பாவில் உட்கார்ந்து லத்தீன் பெயர்களைப் பொழிந்தார்கள். 1789-இல் க்மெலின் என்ற ஜெர்மானியர் மட்டும் எத்தனை பெயர் கொடுத்தார் பாருங்கள்! மழைக்காலத்தில் வயல் வரப்பில் குரல் கொடுக்கும் காடைக்குச் சோழமண்டலத்தின் பெயர். குளத்துத் தாமரை இலைக்கு நடுவில் நீந்தும் குள்ளத்தாராவுக்கும் சோழமண்டலம். விடியற்காலையில் கொல்லையை இரண்டாக்கும் குரலுடைய கௌதாரிக்குப் புதுச்சேரி. கிளைக்குக் கிளை தாவிக்கொண்டு மெல்லிய சோகக் குரலில் சீழ்க்கை விடும் சின்னஞ்சிறு காட்டுக்கீச்சானுக்கும் புதுச்சேரி. 1790-இல் லாத்தம் என்ற இங்கிலீஷ்காரர் ஒரு மைனாவுக்குச் செஞ்சியின் பெயரைச் சூட்டினார்.

இதில் ஒரு தமாஷ் இருக்கிறது. செஞ்சியின் பெயரைத் தாங்கும் அந்த மைனா, ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாகக் குடியிருக்கும் ஜாதி. அதன் சொந்த நாடு வட இந்தியச் சமவெளி. செஞ்சிக் கோட்டையில் போய்த் தேடினால் கிடைக்காது! ஸொன்னேராவின் எழுத்தில் இப்படி ஊர் மாறின பறவைகள் வேறு சிலவும் உண்டு. நியூ கினியில் பெங்குவின் இருப்பதாகவும் எழுதி வைத்தவர் அவர். அதற்காக அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. அவர் கண்ணால் கண்டு எழுதியவை ஏராளம். நமது காட்டுக்கோழி இன்றைக்கும் அவர் பெயரைத்தான் விஞ்ஞானத்தில் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பெயர் ஓர் இடத்திலும் பொருள் வேறோர் இடத்திலும் இருப்பதைப் பார்த்துச் சிதம்பரத்துக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் ஊரின் கதையும் அதுவேயல்லவா? தில்லை மரக் காடாக இருந்ததனால் தில்லை என்று பெயர் பெற்ற ஊர். இன்று ஊருக்குள் கடைவீதி இருக்கிறது, நான்கு தேரோடும் வீதிகள் இருக்கின்றன, பொன்னம்பலம் இருக்கிறது. தில்லைக் காடு இல்லை. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் கிழக்கே கடலை நோக்கி ஏறக்குறைய பத்து மைல் போய், பிச்சாவரத்தில் ஓடம் ஏற வேண்டும். அங்கே உப்பங்கழிக்கு நடுவில் சுரபுன்னையோடு சேர்ந்து தில்லை மரம் இன்னும் நிற்கிறது. கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் ஆபத்து. நடராஜப் பெருமான் ஆடிய வனம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ள வேறு இடம் இல்லை.

இனி, காதால் கேட்ட பறவையைக் கண்ணுக்குக் கொண்டுவந்த கதையைப் பார்க்கலாம். நூறு வருஷங்களுக்கு மேலாக அதற்கு ஒரே வழிதான் இருந்தது: துப்பாக்கி. பறவையைச் சுட்டுத் தோலை உரித்துப் பஞ்சடைத்துப் பெட்டியில் வைத்தால்தான் பறவை இருந்ததாக அர்த்தம். காங்கிரஸ் மகாசபைக்கு வித்திட்ட ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் இப்படிச் சேர்த்த தோல்களும் முட்டைகளுமாக 80,000-க்கு மேல், 1885-இல் லண்டன் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதே வருஷத்தில்தான் காங்கிரஸும் பிறந்தது. அந்தப் பெட்டிகளில் இந்தியப் பறவைகளின் நிறமெல்லாம் இருந்தது. குரல் மட்டும் இல்லை.

குரலைப் பிடிக்கும் காரியமும் ஓர் இந்தியப் பறவையிலிருந்துதான் தொடங்கிற்று என்பது பலருக்குத் தெரியாது. 1889-இல் ஜெர்மனியில் லுட்விக் கோச் என்ற எட்டு வயதுச் சிறுவன், எடிஸன் கண்டுபிடித்த மெழுகு உருளை யந்திரத்தை வைத்துக்கொண்டு, தான் கூண்டில் வளர்த்த பறவையின் பாட்டைப் பதிவு செய்தான். அந்தப் பறவை நம் காடுகளில் உள்ள சோலைப்பாடி. உலகத்தில் முதன்முதலாகப் பதிவான பறவைப் பாட்டாக இன்று அறியப்படுவது அதுதான். புகைப்படமும் ஏறக்குறைய அதே சமயத்தில் புதர்களுக்குள் நுழைந்தது. 1895-இல் இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் பறவைக் கூடுகளை நேரிலேயே படம் பிடித்துப் புஸ்தகம் போட்டார்கள். பறவைகளை ஏமாற்றுவதற்காக உள்ளீடற்ற பொம்மை மாட்டுக்குள் காமிராவோடு ஒளிந்துகொண்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இந்தியாவில் பேட்ஸ், லோதர் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் இந்த வழியில் பெயர் பெற்றார்கள்.

தமிழர்களில் இந்த வித்தைக்குத் தனி மரியாதை தேடித் தந்தவர் மா. கிருஷ்ணன். நாவல் படிக்கிறவர்களுக்கு அவரை அறிமுகம் செய்வது சுலபம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தார். சென்னையில் தாவர சாஸ்திரமும் சட்டமும் படித்தார். சண்டூர் சமஸ்தானத்தில் சில வருஷம் உத்தியோகம் பார்த்தார். பிறகு எழுத்தையும் காமிராவையும் நம்பியே வாழ்ந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இல் ஆரம்பித்த அவருடைய பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் மறையும் வரை 46 வருஷங்கள் வந்துகொண்டேயிருந்தது. 1970-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழிலும் எழுதினார், தமிழ்க் கலைக்களஞ்சியத்திலும் அவருடைய கை உண்டு. கலர்ப் படம் வந்து உலகமெல்லாம் மயங்கிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. லென்ஸ் ஒரு யந்திரத்திலிருந்தும் பெட்டி இன்னொன்றிலிருந்துமாக ஒட்டுப்போட்டுத் தாமே தயாரித்த காமிராவுக்கு 'ஸூப்பர் பாண்டெரோஸா' என்று பெயர் வைத்திருந்தார். தூக்கவே ஆள் வேண்டும் என்ற பரிகாசம் பெயரிலேயே இருக்கிறது.

கிருஷ்ணனைப் போன்றவர்கள் எதற்காக இத்தனை சிரமப்பட்டார்கள் என்பது ஆறு மணிக் குருவியைப் படம் எடுக்க முயன்றவர்களுக்குப் புரியும். அது சருகோடு சருகாகத் தரையில் குதித்து, இலையைப் புரட்டிப் புழு பொறுக்குகிற ஜீவன். வெயில் ஏறின நேரத்தில் காமிராவுக்கு வெளிச்சம் உண்டு; ஆனால் குருவி வாய் திறக்காது. வாய் திறக்காத குருவி எந்தப் புதரில் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அந்தியில் அது கூப்பிட்டு இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. அப்போது வெளிச்சம் போய்விடுகிறது! காது சம்பாதிக்கிற நேரத்தில் கண் திவாலாகிறது. ஆகவே பழைய நாளில் இதைப் படம் பிடித்தவர்கள் பல நாள் மாலை போய்க் குரலைக் கேட்டு, எந்த மூலையில் அது மேய்கிறதென்று தெரிந்துகொண்டு, மறுநாள் பகலில் அங்கே போய் அசையாமல் காத்திருந்தார்கள். முதலில் கேட்டல், பிறகு பொறுத்தல், கடைசியில்தான் பார்த்தல். அந்த வரிசையே ஒரு கல்வி.

இன்று அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. நிலாவெளிச்சத்திலும் படம் பிடிக்கும் காமிரா வந்துவிட்டது. அதில் தப்பு இல்லை. குரலைக் கேட்டதும் பறவையின் பெயரைச் சொல்லும் வித்தை கைபேசியிலேயே இருக்கிறது. அது மிகவும் நல்லதே. ஆனால் வேறொரு பழக்கமும் கூடவே பரவியிருக்கிறது. குருவியின் சீழ்க்கையைக் கைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, தோப்பில் நின்று உரக்க ஒலிக்க விடுகிறார்கள். குருவி என்ன நினைக்கிறது? தன் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான், பட்டா பறிபோகிறது என்று நினைக்கிறது. மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடி வருகிறது. எதிரியைக் காணோம். மறுபடியும் சீழ்க்கை. மறுபடியும் ஓடி வருகிறது. ஐந்து நிமிஷத்தில் படம் கிடைத்துவிடுகிறது. அடுத்த நாள் இன்னொரு கோஷ்டி. அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஆயிரம் மைலுக்கு மேல் திரும்பிப் பறப்பதற்காக உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய பறவை, இல்லாத பகைவனோடு சண்டை போட்டே மாலைகளைச் செலவழிக்கிறது. பறவையைப் பிடிப்பதும் சுடுவதும் குற்றம் என்று 1972-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டோம். ஆனால் பழைய பீரங்கிக் கணக்கு மட்டும் வேறு ரூபத்தில் திரும்பி வந்திருக்கிறது: நம்முடைய சப்தம் எட்டும் வரையில் எல்லாம் நம்முடையது.

கடலூருக்கு மேற்கே கெடில நதிக்கரையில் திருமாணிக்குழி என்று ஒரு தலம் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்றது. வாமன மூர்த்தி மாவலியிடம் மூன்றடி மண் கேட்டு உலகை அளந்த பிறகு, இங்கே வந்து சிவபெருமானைப் பூஜித்ததாகத் தலபுராணம் கூறுகிறது. மாணி என்றால் பிரம்மச்சாரி. வாமனன் பிரம்மச்சாரியாக வந்தவன் ஆகையால் ஊருக்கு அந்தப் பெயர். அந்த ஊரிலும், கடலூர்ப் பக்கத்துக் குழந்தைக்குப்பத்திலும் கோயிலைச் சார்ந்த பழங்காடுகளை 1990-களில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துத் தாவர ஆராய்ச்சியாளர்கள் மரம் மரமாக எண்ணிப் பதிந்து வைத்தார்கள். சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைக் காடு அது. கடலோரத்தில் ஒரு காலத்தில் தொடர்ச்சியாக இருந்த காட்டின் மிச்சம் மீதி, இன்று சாமிக்குப் பயந்து விட்டு வைத்த இத்தகைய திட்டுக்களில்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் சவுக்கும் முந்திரியும் வந்துவிட்டன.

நிலத்தை அளந்தவன் பாவ நிவர்த்திக்கு வந்த ஊரில், அளக்காமல் விட்ட துண்டு நிலம் ஒன்று காடாக நிற்கிறது! ஆறு மணிக் குருவிக்கு வேண்டியது அதுதான். சவுக்குத் தோப்பில் நிழல் உண்டு. புரட்டிப் பார்க்க நல்ல இலைச் சருகு கிடையாது. கோயில் காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டு, சிமெண்டுத் தரை போட்டு மண்டபம் எழுப்புகிற பக்தர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் நல்லது. அந்தச் சருகு குப்பையல்ல. ஆறு மாதத்துக்கு ஓர் உயிருக்குப் போட்டு வைத்த சாப்பாட்டு இலை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்த்திகையிலோ மார்கழியிலோ ஒரு நாள் ஐந்தரை மணிக்கே போய்விடுங்கள். காட்டுக்குள் நுழைய வேண்டாம். ஓரத்தில் உட்கார்ந்தால் போதும். கைபேசியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், வாயை மூடி. முதலில் தையல்சிட்டு தன் உடம்புக்குப் பொருந்தாத உரத்த குரலில் ஓயாமல் கத்தும். மாம்பழச்சிட்டு ஒரு நீண்ட விசில் அடித்துவிட்டு அடங்கும். கொக்குகள் கழியிலிருந்து திரும்பும். வெளிச்சம் மங்கி, கோயிலில் சாயரட்சை மணி அடிக்கத் தொடங்குகிற சமயத்தில், சருகுக்கு நடுவிலிருந்து அந்த இரட்டைச் சீழ்க்கை வரும். ஒரு தரம்; மறுபடியும் ஒரு தரம். சற்று தூரத்தில் அடுத்த எல்லைக்காரர் பதில் கொடுப்பார். இரண்டு குரலுக்கும் நடுவே எல்லைக்கல் இல்லை, வேலி இல்லை, வழக்கும் இல்லை. யார் நிலம் எதுவரை என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு இருவரும் பேசுவதில்லை.